குளிக்காதவர்களைக் கொன்ற தொட்டி

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியைப் பலர் பார்த்தபடி கடந்து சென்றனர். பின்னர் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். குறைந்தது 32 பேர் மாண்டனர். அவர்கள் அந்நீரில் இறங்கவே இல்லை.

குமிழிகள் உடைந்தெழுந்த நுண்துளிகளில் லீஜியோனெல்லா கலந்திருந்தது. 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டைத் தாக்கி, அதனாலேயே பெயர்பெற்ற பாக்டீரியா அது. நமக்கு இதமான சூடு அதற்கும் இதம். குளோரினோ அச்சூட்டில் விரைந்து தீர்ந்துவிடும்.

ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் குளியல் நீரில் மிதந்த எண்ணெயையும் வியர்வையையும் அழுக்கையும் அருவருப்புடன் குறித்துவைத்தார். அவருக்கு அழுக்கு கண்ணில் பட்டது. நாமோ தெளிந்த நீரைக் கண்டதும் தூய நீர் என்று நம்பிவிடுகிறோம். (தொட்டி விற்பவரும் அந்தத் தெளிவைத்தானே காட்டுகிறார்!)

புதிதாகத் தொட்டி வாங்கியவர் முதலில் வாங்கவேண்டியது சோதனைத்தாள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரினேனும் இருக்கவேண்டும், பிஎச் அளவு 7.0 முதல் 7.8-க்குள் நிற்கவேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நீரை மாற்றினால் மட்டும் போதாது. குழாய்களின் உட்புறம் படியும் வழவழப்பான படலத்துக்குள் கிருமி ஒளிந்திருக்கும். அதையும் அகற்ற வேண்டும்.