கொல்லர் வீட்டுப் பெயர்கள்

நெப்போலியனின் மார்ஷல் பிரான்சுவா ழோசெஃப் லெஃபெவ்ர். பைபிளை பிரெஞ்சில் பெயர்த்து 1530இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சேற்றிய ழாக் லெஃபெவ்ர் தெதாப்ல். பூச்சிகளை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்ட ழான் ஆன்றி ஃபாப்ர். இயேசு சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பியேர் ஃபாவ்ர். இந்த நால்வரும் உறவினர்கள் என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. ஆனால் நால்வரின் குடும்பப் பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: கொல்லர்.

மூலம் 'ஃபாபெர்' என்ற லத்தீன் சொல். பிரான்சின் வடக்கே அது 'ஃபெவ்ர்' ஆனது. அங்கே முன்னால் 'ல' என்ற சுட்டும் ஒட்டிக்கொண்டு லெஃபெவ்ர் ஆயிற்று. தெற்கே சுட்டு ஒட்டவில்லை. ஃபாப்ர், ஃபோர் என்று நின்றது. ஆல்ப்ஸ் பக்கம் ஃபாவ்ர். பிரெத்தோன் மொழி பேசும் மேற்கில் லெ கோஃப், ஜெர்மானியப் பேச்சு வழங்கும் அல்சாஸில் ஷ்மித் என்று கொல்லருக்கு வேறு பெயர்கள்.

கொல்லர் பெயர் ஏன் இவ்வளவு பரவியது? 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஊர்கள் பெருத்தன. ஞானஸ்நானப் பெயர்களோ சிலவே: ழான், பியேர், கியோம். ஒரே தெருவில் நாலு ழான் இருந்தால் வரி எழுதுபவர் எப்படிப் பிரித்தறிவார்? தொழிலைச் சேர்த்து எழுதினார். பாரிஸின் 1292ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் அப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. உழவர் என்று எழுதிப் பயனில்லை. கிராமத்தில் பெரும்பாலானவர்கள் உழவர்கள்தான். கொல்லரோ ஊருக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். கொழு தீட்டவும் லாடம் அடிக்கவும் கதவுக்குக் கீல் போடவும் எல்லோரும் அந்த ஒரு பட்டறைக்குத்தான் போனார்கள். அதனால்தான் அந்தப் பெயர் ஒரே இடத்தில் தோன்றிப் பரவாமல், நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகத் தோன்றியது. லெஃபெவ்ர் என்று பெயர் இருப்பதாலேயே இருவரைப் பங்காளிகள் ஆக்கிவிடக் கூடாது.

காலப்போக்கில் தொழில் போனது, பெயர் தங்கியது. சவோய் மலைக் கிராமத்தில் 1506இல் பிறந்த பியேர் ஃபாவ்ர் சிறுவயதில் ஆடு மேய்த்தவர். வீட்டில் உலைக்களம் இல்லை. பாரிஸில் படிக்கும்போது அவருடன் ஒரே அறையில் தங்கியவர்தான் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார்.

எழுத்துக் குழப்பம் தனிக் கதை. லத்தீன் மூலத்தை நினைவூட்ட எழுத்தர்கள் ஒரு 'பி'யை நடுவில் செருகினார்கள். அதை யாரும் உச்சரித்ததில்லை. அக்காலத்தில் 'யு'வும் 'வி'யும் ஒரே எழுத்து. பின்னால் வந்தவர்களில் சிலர் அதை 'யு' என்று படிக்க, லெஃபேபூர் என்றொரு புதிய பெயரே பிறந்துவிட்டது!

குடும்பத்தின் வேர் தேடுபவர்களுக்குக் கைகொடுப்பவை பங்குக்கோயில் பதிவேடுகள். மன்னர் முதலாம் பிரான்சுவா 1539இல் வில்லர் கொத்ரே ஆணையில் ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கினார். 1579இல் திருமணமும் அடக்கமும் சேர்ந்தன. அந்த ஏடுகளில் பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். தந்தைக்கு எழுத்து தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு சிலுவைக் குறியோடு சரி. ஆகவே அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி இன்னொரு விதமாகவும் பதிவாவது உண்டு. எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறும்; ஞானப் பெற்றோர், திருமணச் சாட்சிகள், குடியிருந்த ஊர் என்று ஆளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 1792இல் பதிவு நகராட்சிகளின் கைக்கு வந்தது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் கூடாது என்று 1794இல் சட்டம் வந்தபின் வடிவம் உறைந்தது.

ஏட்டுக்கு இரட்டைப் படி வேண்டும் என்று 1667இலேயே பதினான்காம் லூயி ஆணையிட்டிருந்தார். பாரிஸில் அதுவும் காப்பாற்றவில்லை. 1871 மே மாதக் கலவரத் தீயில் நகர மன்றத்தில் இருந்த மூலமும் நீதி மாளிகையில் இருந்த படியும் சேர்ந்தே எரிந்தன. 1860க்கு முந்தைய பதிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் பின்னர் மீட்டெழுத முடிந்தது. எத்தனையோ எளிய குடும்பங்களின் ஒரே எழுத்துச் சான்று அப்படிப் போனது பெரிய கொடுமை.

காலனிகளின் ஏடுகளுக்கு நல்ல காலம். அவற்றின் படி ஒன்று வெர்சாய்க்கு வர வேண்டும் என்று 1776இல் பதினாறாம் லூயி விதித்தார். புதுச்சேரிப் பதிவுகளும் அவற்றில் அடங்கும். இன்று அவை எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். பிரெஞ்சுக் குடும்பப் பெயருடைய புதுச்சேரி வாசகர்கள், தாத்தாவின் பிறந்த ஆண்டைத் தெரிந்துகொண்டு அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

(தொடரும்)