வடசென்னையில் அகதிகளும் ஆசிரியத் தொழிலும்

இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைப் பிரதேசத்தை ஆலைகளும் மீனவர் குப்பங்களும் நிறைந்த உழைப்பாளர் பூமி என்ற அளவிலேயே பலரும் அறிவர். ஆனால் எர்ணாவூரில் பர்மா நகர் என்றொரு குடியிருப்பு இருப்பதையும், வியாசர்பாடித் தெருக்களில் அந்தி சாய்ந்ததும் பர்மிய உணவான அத்தோவை விற்கும் கடைகளைச் சுற்றிக் கூட்டம் கூடி, புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் முட்டைக்கோஸும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தரப்படும் நூடுல்ஸை வாழைத்தண்டு சூப்போடு உண்பதையும் காண்பவர்க்கு, இந்தப் பூமி ஒரு பெரும் ஜனக்கூட்டத்தைக் கரையேற்றிக் காத்த பூமி என்பதும் விளங்கும்.

1962இல் ரங்கூனில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நெ வின்னின் சர்க்கார், 1964 மார்ச்சில் கடை கண்ணிகளைத் தேசியமயமாக்கி, அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாதென்று அறிவித்தபோது, மூன்று தலைமுறையாக அங்கே வியாபாரமும் விவசாயமும் செய்து வாழ்ந்த தமிழர்கள், தேடிய பொருளில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறும்படி ஆயிற்று. அப்படிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய பல்லாயிரம் பேரில் ஒரு பகுதியினர் வடசென்னையிலேயே நிலைத்தனர். பெரியவர்களுக்குப் பர்மா பஜாரின் கடைகளும், 1969இல் தாயகம் திரும்பியோர்க்கென நிறுவப்பட்ட ரெப்கோ வங்கியின் கடனும் ஜீவனோபாயத்துக்கு வழி காட்டின. பிள்ளைகளின் பாடுதான் வேறு. பர்மிய மொழியில் பாடம் கேட்டு வளர்ந்து, தமிழை வீட்டுப் பேச்சாக மட்டும் அறிந்திருந்த சிறுவன் இங்கே தமிழ் எழுத்தை முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

அந்தச் சிறுவனுக்குக் காலம் ஒரு விதத்தில் அனுகூலமாக இருந்தது. 1956இல் காமராஜரின் ஆட்சியில் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும், ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடியும் வரை கட்டணம் நீக்கிய உத்தரவும் அவன் வருகைக்கு முன்பே இங்கே நிலைபெற்றிருந்தன. பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964லும், வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி 1973லும் தோன்றியதால் பட்டப்படிப்பும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கடை வைக்க முதல் வேண்டும். ஆலையில் சேரச் சிபாரிசு வேண்டும். உபாத்தியாயராவதற்கு அன்று மதிப்பெண்ணும் பயிற்சிச் சான்றும் போதுமாயிருந்தன. ஆகையால், வேரிழந்து வந்த குடும்பத்துக்கு ஆசிரியத் தொழிலைப் போன்ற ஆதாரம் வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆயினும் படிப்பு மட்டுமே அந்தப் பதவியைத் தந்துவிடவில்லை. பர்மாவிலிருந்து வந்தோரை இந்தியப் பிரஜைகளாகவோ, தகுதிச் சான்று பெற்று உத்தியோகம் வகிக்கத் தக்கவர்களாகவோ சர்க்கார் ஏற்றுக்கொண்டதே அடிப்படை. 1963 ஜூன் முதல் தேதிக்குப் பிறகு பர்மாவிலிருந்து தாயகம் திரும்பியோர்க்கும், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்க்கும் வயது வரம்பில் மூன்றாண்டுச் சலுகை உண்டு என்ற வாசகம் மத்திய சர்க்காரின் தேர்வு அறிவிப்புகளில் நெடுங்காலம் தொடர்ந்து இடம்பெற்று வந்தது. அந்த ஒரு வரியில், வழியில் காலம் இழந்தவனுக்கு அக்காலத்தைத் திருப்பித் தரும் கருணை இருந்தது என்பதை மனமாரப் போற்றுகிறேன்.

அதே கருணை அடுத்து வந்தோர்க்குக் கிட்டவில்லை. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழரில் ஒரு சாரார், வடசென்னையை அடுத்த புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் குடியேற்றப்பட்டனர். 1984இல் அந்த ஈழத்தமிழருள் ஒருவரான சந்திரஹாசன் முதலியோர் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியையே முதற்பணியாகக் கொண்டு, முகாம்களுக்குள் மாலை வகுப்புகளை நடத்த, முகாமிலேயே படித்தவர்கள் இளையவர்களுக்கு ஆசிரியரானார்கள். 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி படுகொலையுண்ட பிறகு கல்லூரி வாயில்கள் இவர்களுக்குச் சில ஆண்டுகள் அடைபட்டு, 1996இல் மறுபடி திறந்தன. 2021இல் மாநில சர்க்கார் கல்வி உதவித்தொகையை உயர்த்தியதோடு, அகதி முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இவையெல்லாம் நன்றே, ஆனால் கல்வியியல் பட்டம் பெற்று வெளிவரும் பெண் சர்க்கார் பள்ளி ஆசிரியப் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தியப் பிரஜை அல்ல என்ற ஒரே காரணம் அவளைத் தடுத்துவிடுகிறது. எஞ்சுவது சொற்பச் சம்பளத் தனியார் பள்ளி. ஆண்களுக்கோ, பட்டம் பெற்ற பின்பும் பெயின்டர் வேலை.

1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் சட்டப்படி பிரஜைகளே. அதன் பின் பிறந்த பெரும்பாலோர்க்கு அந்த வழி இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முகாம்வாசிகளில் கணிசமானோர் இந்திய வம்சாவளியான மலையகத் தமிழரே என்பதை நினைக்கும்போது இந்த அநீதி மேலும் வருத்துகிறது. இங்கே பிறந்து, இங்கேயே படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர்களுக்குக் குடியுரிமை கிட்டும் வரையிலாவது, பர்மாவிலிருந்து வந்தோர்க்கு இருந்தது போன்ற தகுதிச் சான்றை மத்திய சர்க்கார் வழங்க வேண்டும்; அச்சான்றை ஏற்று அவர்களை ஆசிரியர் தேர்வுக்கு அனுமதிக்க மாநில சர்க்கார் முன்வர வேண்டும்.