தலைகீழாய்ப் பிடித்த புத்தகம்

ஓதப்பள்ளியில் எங்களுக்கு ஓதித்தந்த லெப்பையிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்புவித்து முடித்ததும் அவர் பாராட்டமாட்டார். ஈர்க்குச்சியை வரியின் நடுவிலே ஓர் எழுத்தில் வைத்து "இது என்ன?" என்பார். மனப்பாடமாக்கி வந்தவன் அங்கே அகப்பட்டுக்கொள்வான். வரியின் தொடக்கத்திலிருந்து மனதுக்குள் ஓடிவந்து அந்த எழுத்தைப் பிடிக்கப் பார்ப்பான். லெப்பை சிரித்துக்கொண்டே அவனை மீண்டும் எழுத்துக்கூட்ட வைப்பார். ஒரு பக்கம் தாண்ட ஒரு கிழமை சென்றாலும் அவருக்கு அவசரமில்லை.

2002 இல் ஆசிரியர் கலாசாலையில் கல்வி வரலாறு படித்தபோது அந்த ஈர்க்குச்சி எனக்கு நினைவுக்கு வந்தது. பாடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றியது. பெறுபேற்றுக்கு ஏற்பக் கொடுப்பனவு என்றொரு முறை அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. பரீட்சைக்காக நாலு வரி எழுதி மறந்துவிட்டேன். அது என்னைத் தொட்ட விடயம் என்று அப்போது தோன்றவில்லை.

ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளை ஆராய்ந்த நியூகாசில் ஆணைக்குழு 1861 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அரசாங்கப் பணம் செலவாகிறது, பிள்ளைகளில் பலரோ சரியாக வாசிக்கக்கூடத் தெரியாமல் வெளியேறுகிறார்கள் என்பது அதன் முறைப்பாடுகளில் ஒன்று. கல்விப் பொறுப்பிலிருந்த றொபேட் லோ இதற்கு மருந்து கண்டார். இந்தத் திட்டம் மலிவாக இல்லாவிட்டால் பயனுள்ளதாக இருக்கும், பயனுள்ளதாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்ற கருத்தில் அவர் பாராளுமன்றத்தில் பேசியது பேர்போனது. 1862 இல் திருத்திய விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது.

கணக்கு எளிது. பாடசாலைக்கு வரவின் சராசரிப்படி தலைக்கு 4 சிலிங். 200 தடவைக்கு மேல் வந்த பிள்ளை பரீட்சைக்கு நின்றால் மேலும் 8 சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒன்றில் தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தவறினால் 8 சிலிங்கும் போயிற்று. ஆண்டுக்கொருமுறை வித்தியாதரிசி வருவார். அவர் இடும் அடையாளத்திலே ஆசிரியரின் சோறு தங்கியிருந்தது.

லோவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மந்தமான பிள்ளைக்கும் ஒரே விலை வைத்தவர் அவர். ஆகவே பின்வாங்கில் இருப்பவனையும் ஆசிரியர் பார்த்தேயாக வேண்டியிருந்தது. இந்த ஒரு விடயத்தில் அவர் திட்டம் நம்முடைய புலமைப்பரிசில் ஓட்டத்தைவிட நேர்மையானது என்பேன்.

ஆனால் நடந்தது என்ன? பூமிசாத்திரமும் சரித்திரமும் இலக்கணமும் பணம் தராத பாடங்களாகிப் பல பாடசாலைகளில் ஒதுங்கின. 1867 இல் மேலதிகப் பாடங்களுக்கும் பணம் தருவோம் என்று அரசாங்கமே இறங்கிவர நேர்ந்தது. ஒரு வகுப்புக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் என்றால், ஆண்டு முழுவதும் அந்த ஒன்றுதான். பிள்ளைகள் அதை முழுதாக மனனஞ் செய்தார்கள். வித்தியாதரிசியின் முன்னால் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டே பிழையின்றி 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிய கதை இன்றும் சொல்லப்படுவதுண்டு. அங்கே ஈர்க்குச்சி வைக்க எவருக்கும் நேரமில்லை. வைத்தால் நட்டம்.

இதை ஆரம்பத்திலேயே கண்டு சொன்னவர் ஒரு கவிஞர் என்பது எழுத்தாளராகிய நமக்குச் சற்றே ஆறுதல். மத்தியூ ஆர்னோல்ட் 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் வித்தியாதரிசியாகச் சம்பளம் வாங்கியவர். 1862 இல், அரசாங்க ஊழியராக இருந்துகொண்டே, பெயர் போடாமல் 'பிரேசர்ஸ் மகசின்' இதழில் இந்தத் திட்டத்தை எதிர்த்து நீண்ட கட்டுரை எழுதினார். 1867 இல் தம் உத்தியோக அறிக்கையிலும் அதையே எழுதினார். பாடசாலைகளில் முன்பிருந்த உயிர் போய்விட்டது, எல்லாம் இயந்திரத்தனமாகிவிட்டது என்பது அவர் சொன்னதன் சாரம். 1861 இல் 36 பிள்ளைகளுக்கு ஒருவராக இருந்த மாணாக்க ஆசிரியர், 1866 இல் 54 பிள்ளைகளுக்கு ஒருவராகக் குறைந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். இயந்திர விளையாட்டில் கடைசியில் ஆசிரியர்களே நம்மை வெல்வார்கள் என்ற அவருடைய எச்சரிக்கையை நான் பிற்பாடுதான் விளங்கிக்கொண்டேன். பெறுபேற்றுக்கு விலை வைத்தால் பெறுபேறு வரும். பெறுபேறு மட்டுமே வரும்.

திருத்திய விதிக்கோவை இன்னொன்றையும் கட்டாயமாக்கியது. நம் அதிபர்களின் மேசையில் இருக்கிறதே சம்பவத்திரட்டுப் புத்தகம், அதைப் போன்ற ஒன்றை ஒவ்வொரு தலைமையாசிரியரும் எழுத வேண்டும். அதில் பொதுவான அபிப்பிராயங்களோ சிந்தனைகளோ எழுதப்படக்கூடாது என்று விதியே இருந்தது. பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதைச் சொல்ல மட்டும் இடமில்லை! 1864 இல், வித்தியாதரிசிகளின் அறிக்கைகளை வெட்டித் திருத்துகிறார்கள் என்று பாராளுமன்றத்தில் எழுந்த கண்டனத்தால் லோ பதவி விலகினார். பின்னர் விசாரணையில் அவர்மீது குற்றமில்லை என்றாயிற்று. ஆயினும் திட்டம் நிலைத்தது.

அது கடல் தாண்டி இங்கும் வந்தது. இலங்கையில் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியதை அடுத்து, உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்தே பணம் அளந்தார்கள். இங்கிலாந்தில் 1890களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1911 இல் எட்மண்ட் ஹோம்ஸ் என்ற ஓய்வுபெற்ற பிரதம வித்தியாதரிசி ஒரு நூல் எழுதினார். 1875 முதல் அந்தப் பரீட்சைகளை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆசிரியர்களை மட்டுமல்ல, தம்மையும் அந்த முறை கெடுத்தது என்று கூசாமல் ஒப்புக்கொள்கிறார். சொந்தப் பிழையை எழுதுவதற்கு அவருக்கு ஓய்வு பெறும்வரை காலம் சென்றது.

நான் ஓய்வு பெற இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன. 2006 இல் ஐந்தாம் தரத்திற்கு நான் வகுப்பாசிரியன். இருபத்தொரு பிள்ளைகள். வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடியவர்கள் என்று பன்னிரண்டு பேரைப் பொறுக்கி முன்வாங்கில் இருத்தினேன். கடந்தகால வினாத்தாள்கள், மாதிரி வினாத்தாள்கள், பின்னேர வகுப்பு, மனனஞ் செய்ய ஐந்து கட்டுரைகள். மற்ற ஒன்பது பேருக்கும் "சத்தம் போடாமல் படம் கீறுங்கள்" என்று தாள் கொடுத்தேன். மூன்று பேர் சித்தியடைந்தார்கள். பாடசாலைச் சந்தியில் பதாகை கட்டினார்கள். அதில் என் பெயரும் இருந்தது. பெற்றோர் மாலை போட்டார்கள். சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் 2024 இல் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். லொறியில் வேலை செய்கிறான். மகனை முதலாம் தரத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பப் படிவம் கையில் மடங்கியிருந்தது.

"இத ஒருக்கா நிரப்பித் தாங்க சேர். எனக்கு எழுத்து அவ்வளவா வராது."

அவன் குரலில் குறையொன்றும் இல்லை. வெட்கம் மட்டும் கொஞ்சம் இருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்கக் கேட்க அவன் சொன்னான். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, கிராம சேவகர் பிரிவு. 'தந்தையின் கல்வித் தகைமை' என்ற இடம் வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். ஐந்தாம் தரம் என்று எழுதினேன். கையொப்பத்தை மட்டும் அவனே போட்டான், கோட்டுக்கு மேலே, மெதுவாக.