பெருந்தொற்றும் தலித் இளையோரின் இனப்பெருக்க உடல்நல உரிமையும்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, இன்றியமையாப் பொருட்களின் பட்டியலில் சானிட்டரி நாப்கின் குறிப்பிடப்படவில்லை. மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறைச் செயலர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதமே அதைத் தெளிவுபடுத்தியது. நான்கு நாள் தாமதம் சிறிதுதான். எனினும் முடிவெடுக்கும் இடத்தில் யாருடைய உடல் மறக்கப்படுகிறது என்பதை அது காட்டியது.

அடுத்த மாதமே ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம், இனப்பெருக்க நலம், வளரிளம் பருவ நலம் ஆகிய சேவைகள் தொடர வேண்டும் என வழிகாட்டியது. ஆணையில் சேவை இருந்தது. அதனை அடையும் வழிகள் அடைபட்டிருந்தன.

அவ்வழிகள் எவை? 10 முதல் 19 வயது வரையிலானோருக்காக 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டமும், தமிழ்நாட்டின் புதுயுகம் நாப்கின் திட்டமும் பள்ளி, அங்கன்வாடி, கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகியோரைச் சார்ந்தவை. பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புகளே 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தன. விடுதிகளும் மூடப்பட்டன. செவிலியர்கள் காய்ச்சல் கணக்கெடுப்புக்குத் திருப்பிவிடப்பட்டனர். தனியார் மருத்துவரிடம் செல்ல வசதியுள்ள குடும்பங்களுக்கு இது இடையூறு. கூலி வேலையும் பேருந்தும் நின்றுபோன சேரிக்கு இது முழு அடைப்பு.

தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை மாற்றாக முன்வைக்கப்பட்டது. ஒற்றை அறை வீட்டில், குடும்பத்தார் அனைவரும் நாள் முழுதும் உள்ள நிலையில், வீட்டுக்கு ஒன்றாக உள்ள கைபேசியில் ஓர் இளம்பெண் எதைக் கேட்க முடியும்? அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்க ஒன்றிய விதிகள் இடமளித்தும், தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது பல ஆண்டுகளாகவே அரிது.

இதனுடன் சட்டமும் சாதியும் சேர்கின்றன. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்குக் காப்பாளரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்டோருடனான பாலுறவு அனைத்தையும் குற்றமாக்கி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் காக்க வந்த இவ்விதி, சாதி கடந்து காதலித்த இளையோருக்கு மருத்துவமனை வாசலையே அச்சமூட்டும் இடமாக்குகிறது. உறவு வெளிப்பட்டால் தலித் இளைஞனுக்குச் சிறையும், இருவருக்கும் உயிராபத்தும் நேரக்கூடும். கருவோ காத்திருப்பதில்லை. அன்றைய சட்ட வரம்பு 20 வாரம். ஊரடங்கில் கழிந்த ஒவ்வொரு வாரமும் பாதுகாப்பான வழியைச் சுருக்கியது.

பின்னர் சட்டம் சற்று நகர்ந்துள்ளது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், சிறுமியர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வரம்பை 24 வாரமாக உயர்த்தியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்களை இவ்வுரிமையிலிருந்து விலக்கக் கூடாது என்றது. இணக்கமான உறவில் கருவுற்ற சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கான தகவலில் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமோ, இம்மக்கள் மருத்துவமனைக்குள்ளும் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குள்ளும் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. இவற்றை நம் இளையோர் அறிந்திருக்க வேண்டும்.

அறிதல் மட்டும் போதாது. ஊரடங்கிலும் நியாய விலைக் கடைகள் இயங்கின. அரிசி சென்ற வழியில் நாப்கினும் இரும்புச்சத்து மாத்திரையும் சென்றிருக்கலாம். ஆணுறையைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் பெட்டி ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும் இருக்கலாம். நெருக்கடியிலும் செவிலியர் சேரிக்குள் வருவது உறுதிசெய்யப்படலாம். அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டங்களில் இவை இடம்பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பள்ளி மூடினால் பறிபோகும் ஒன்றை உரிமை என்று நாம் ஏற்பதற்கில்லை.