வில்லியம் கிரகாம் மெக்கைவர்

வில்லியம் கிரகாம் மெக்கைவர் 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டுத் தோட்டக்கலை வல்லுநர் ஆவார். உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் என்றே பலரும் இவரை அறிவர். முறைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தை இந்தியாவில் பெருக்கியதே இவரது பெரும்பணி.

டாலர் என்னும் ஸ்காட்லாந்துச் சிற்றூரில் 1825 வாக்கில் பிறந்தார். (ஊர்ப் பெயருக்கும் அமெரிக்க நாணயத்துக்கும் தொடர்பில்லை.) இலண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவில் பயின்று, 1848-இல் உதகைக்கு வந்தார். அங்கிருந்த ஐரோப்பியர் காய்கறிக்காக 1845-இல் சந்தா திரட்டித் தொடங்கிய தோட்டம் அப்போது நலிந்திருந்தது. மேலே செங்குத்தான காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த நிலத்தைத் திருத்திப் பூங்காவாக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

சின்கோனா

தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைகளுக்குரிய சின்கோனாவை இந்தியாவுக்குக் கொண்டுவர ஆங்கில அரசு கிளமென்ட்ஸ் மார்க்கமை அனுப்பியது. அவர் 1860-இல் கொண்டுவந்த செடிகள் கடற்பயணத்தில் வாடிப் பிழைக்காமற் போயின. ரிச்சர்டு ஸ்புரூசு எக்குவடோரில் திரட்டிய செம்பட்டைச் சின்கோனா வகையில் 400-க்கும் மேற்பட்ட செடிகளை ராபர்ட் கிராஸ் 1861 ஏப்ரலில் உதகைக்குக் கொண்டு சேர்த்தார். அவை பிழைத்தன.

அதற்குப் பின் எல்லாம் மெக்கைவரின் கைத்திறன். விதை, பதியன், தண்டுத் துண்டு எனக் கிடைத்ததையெல்லாம் கொண்டு சில ஆண்டுகளில் பல லட்சம் செடிகளாக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. தனியார் தோட்டக்காரர்களுக்கும் நாற்று விற்கப்பட்டது. டார்ஜிலிங் மலைக்கும் உதகையிலிருந்து செடிகள் சென்றன. மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் போர்த்திவிட்டால் புதுப்பட்டை வளரும் என்று கண்டதும் அவரே. புதுப்பட்டையில் மருந்துச் சத்தும் கூடுதலாக இருந்தது. வளர்ப்பு முறைகளை விளக்கி 1863-இல் சென்னையில் ஒரு நூலும் வெளியிட்டார்.

மலாய்ப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இத்தோட்டங்களில் உழைத்தனர். அவர்களுள் ஒருவர் பெயர்கூடப் பூங்காவின் வரலாற்றில் பேசப்படுவதில்லை.

செம்பட்டை எளிதில் வளர்ந்தது. ஆனால் அதில் கொயினாச் சத்து குறைவு. 1865-இல் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் வழியாக வந்த பொலிவிய விதையை டச்சுக்காரர் வாங்கி ஜாவாவில் விதைத்தனர். சத்து மிகுந்த அந்த வகையால் உலகக் கொயினாச் சந்தை பின்னாளில் அவர்கள் வசமானது. இதை வைத்து மெக்கைவரின் உழைப்பு வீண் என்பது சரியன்று. 1866-இல் சென்னை அரசு அமைத்த குழு, பட்டையிலுள்ள மற்றச் சத்துகளும் காய்ச்சலைத் தணிக்கும் என்று கண்டது. விலையுயர்ந்த கொயினா வாங்க இயலாத ஏழைகளுக்கு மலிவான மருந்து செம்பட்டையிலிருந்தே கிடைத்தது.

மெக்கைவர் 1876 ஜூனில் காலமானார். நடுவட்டச் சரிவுகளில் இப்போது பெரும்பாலும் தேயிலையே. கைதிகளை அடைத்த சிறைக் கட்டடம் இன்றும் அங்கு உள்ளது.