முதுகுத்தண்டு வலியும் படைவீரர் ஊன ஓய்வூதியமும்

படைப்பணியில் உடல் பழுதுபட்ட வீரருக்கு அரசு மாதந்தோறும் வழங்கும் தொகை ஊன ஓய்வூதியம். ஊர்ப்பக்கம் இதை ‘டிசபிலிட்டி பென்ஷன்’ என்பார்கள். போரில் மாண்டவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட செய்தியைத் தமிழகக் கல்வெட்டுகளில் காணலாம். உயிரோடு, ஆனால் உடல் முடங்கித் திரும்பியவருக்கான இன்றைய ஏற்பாடுகள் ஆங்கிலேயர் ஆட்சியில் உருவெடுத்தன. முதல் உலகப் போரில் ஊனமுற்றவர்கள் கைத்தொழில் கற்க 1917இல் குயீன் மேரி தொழிற்பள்ளி பிறந்தது. 1919இல் இந்தியப் படைவீரர் வாரியம் அமைந்தது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நலனுக்கென அலுவலகங்கள் பின்னர் வந்தன. எடுத்துக்காட்டாக, 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிவதற்கு முன் சங்கரன்கோவில் வட்டாரத்து முன்னாள் வீரர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் அடிப்படையாக அமைந்தது 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறை. அதன் 173ஆம் விதி இரண்டு நிபந்தனைகளை வைத்தது. நோய் படைப்பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் முற்றியிருக்க வேண்டும். ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

குண்டடிபட்ட காலுக்கு இந்த அளவுகோல் எளிதாகப் பொருந்தும். முதுகெலும்பு முற்றிலும் நொறுங்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்காக 1974இல் புனே அருகே கிர்க்கியில் தனி மறுவாழ்வு மையமே தொடங்கப்பட்டது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு விலகி நரம்பை அழுத்தும்போதுதான் சிக்கல். இடுப்பில் கிளம்பும் வலி பின்தொடை வழியாகப் பாதம்வரை இறங்கும். கால் மரத்துப்போகும், உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. வெளியே தழும்பு எதுவும் இருக்காது. எம்.ஆர்.ஐ. படம் ஜவ்வைக் காட்டும், வலியைக் காட்டாது. பாரம் சுமந்து மலையேறியதும், கரடுமுரடான பாதையில் வருடக்கணக்கில் லாரி ஓட்டியதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் படையின் மருத்துவ வாரியம் பல கோப்புகளில் ‘உடல்வாகு சார்ந்தது, பணியோடு தொடர்பில்லை’ என்று எழுதி முடித்துவிடும். அந்த ஒரு வரியில் ஓய்வூதியம் போய்விடும்.

ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி. ஊன ஓய்வூதியத் தகுதி பற்றிய 1982ஆம் ஆண்டு விதிகள் வீரர் பக்கம் நின்றன. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், சந்தேகத்தின் பலனும் அவருக்கே. நடைமுறையில் இது மறக்கப்பட்டது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதிசெய்தது. அது வலிப்பு நோய் வழக்கு என்றாலும் முதுகுத்தண்டு வழக்குகளுக்கும் அதுவே துணையாயிற்று. இதற்கிடையே 2008ஆம் ஆண்டு விதிகள் ஒரு வரம்பு போட்டிருந்தன: ஓய்வுபெற்று 15 ஆண்டுகள் கழித்துக் கேட்டால், ஆவணங்கள் அழிக்கப்பட்டிருக்கும் நிலையில், நிரூபிக்க வேண்டியவர் வீரர்தான். வயது ஏற ஏற முற்றும் நோய்க்கு இது கடுமையான வரம்பு.

தொகையிலும் மாற்றம் வந்தது. 100 சதவீத ஊனத்துக்கு, கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பது இன்றைய கணக்கு. அப்படியானால் 20 சதவீத ஊனத்துக்குக் கிடைப்பது 6 சதவீதமே. 1996 ஜனவரி முதல், 50க்குக் குறைந்த ஊனத்தை 50 என்று கொள்ளும் முறை வந்தது. அதன்படி இன்றைய கணக்கில் அது 15 சதவீதமாகும். நோயால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கே முதலில் இச்சலுகை. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது.

வழக்காடும் இடமும் மாறியது. 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறந்தபோது சங்கரன்கோவில்காரருக்கு வழி சுருங்கியது. 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியதும், நெடுநேரம் உட்கார முடியாத முதுகோடு சென்னை அமர்வுவரை போக வேண்டியதாயிற்று.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. நோயோடு பணியில் தொடர்ந்து ஓய்வுபெறுவோருக்கு ஊன ஓய்வூதியத்துக்குப் பதிலாகக் ‘குறைபாட்டு நிவாரணம்’ என்ற தனித் தொகையை அவை ஏற்படுத்தின. அந்தத் தேதிக்கு முன் ஓய்வுபெற்றவர்களின் கோரிக்கைகள் பழைய விதிகளின்படியே முடிவாகின்றன.