ஏரி மறைத்த நஞ்சு

நம் வவுணதீவுப் பிரதேசத்து உன்னிச்சைக் குளம் வயலை நனைக்கிறது; மட்டக்களப்பு நகரின் தாகத்தையும் தணிக்கிறது. நீர் தெளிந்திருந்தால் தூயதென்று நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கை பிழையென்பதற்குத் தமிழ்நாட்டின் கொடைக்கானல் ஏரியே சான்று.

1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சின் முயற்சியால் உருவான ஏரி அது. துரைமாரின் உல்லாசத்துக்கென எழுந்து, பின்னர் எளியோரும் படகேறி மகிழும் இடமாயிற்று. 1983இல், அமெரிக்காவிலிருந்து பெயர்த்தெடுத்த வெப்பமானித் தொழிற்சாலையொன்று அந்நகருக்கு வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கம்பனியின் உடைமையாயிற்று. ஆவியாகிக் காற்றிற் கலந்த பாதரசத்துக்கு நிறமில்லை, மணமில்லை. ஏரி வழக்கம்போல் மின்னிக்கொண்டிருந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தோர் யார்? 2001இல் பழம்பொருட் கிடங்கிற் கிடந்த பாதரசக் கழிவைக் கண்டு, தொழிலாளரும் ஊராரும் வீதியில் இறங்கினர். ஆலை மூடப்பட்டது. ஏரி நீரிலும் மீனிலும் அடிச்சேற்றிலும் பாதரசம் உண்டெனக் காட்டிய விஞ்ஞானிகளின் ஆய்வு வெளியானது 2006இல். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கும் கம்பனிக்கும் உடன்பாடு ஏற்பட்டதோ 2016இல்!

நீரைச் சோதிப்பது விஞ்ஞானியின் பணி. சோதிக்கச் செய்வது மக்களின் பணி. உன்னிச்சை நீரின் சோதனை முடிவுகள் அலுவலகக் கோப்புகளில் உறங்கலாகாது. அவை நம் பாடசாலைச் சுவர்களில் ஒட்டப்படட்டும்; மாணவர் படித்து வினவட்டும்.